இந்தியாவில் அனைத்துச்சேவைச் செயலிகள்

அனைத்துச்சேவைச் செயலி என்பது செய்தியாடல், பணம் செலுத்தல், பொருள் வாங்கல், பயணச்சீட்டுப் பதிவு முதலிய பல சேவைகளை ஒரே திறன்பேசிச் செயலிக்குள், ஒரே பயனர் கணக்கின் கீழ் வழங்கும் மென்பொருள் ஆகும். சீனாவின் வீச்சாட் இவ்வகைக்கு முதன்மையான எடுத்துக்காட்டாகக் கருதப்படுகின்றது. அமெரிக்கத் தொழிலதிபர் ஈலோன் மசுக்கு, டுவிட்டரை இத்தகைய செயலியாக மாற்றும் நோக்கத்தை 2022 இல் வெளிப்படையாக அறிவித்தார்.

இந்தியாவில் ஹைக், பேடிஎம், டாட்டா நியூ ஆகியன இதே இலக்கை முன்வைத்து முயன்றன. எனினும் இவற்றில் எதுவும் சீனாவில் வீச்சாட் பெற்ற இடத்தைப் பெறவில்லை. பணப் பரிமாற்றத்துக்கான அடிப்படைக் கட்டமைப்பு இந்தியாவில் தனியொரு நிறுவனத்தின் உடைமையாக இல்லாமல், யுபிஐ என்னும் பொதுக் கட்டமைப்பாக அமைந்தது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோகோ நிறுவனத்தின் அரட்டை செயலி 2025 இல் பரவலான கவனத்தைப் பெற்றபோது, செய்தியாடலும் அவ்வாறே பொதுக் கட்டமைப்பாக வேண்டுமா என்ற கேள்வி மீண்டும் எழுந்தது.

பெயர்

இவ்வகைச் செயலி ஆங்கிலத்தில் சூப்பர் ஆப் என்றும் எவ்ரிதிங் ஆப் என்றும் அழைக்கப்படுகின்றது. பிளாக்பெரி நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான மைக் லசாரிடிசு 2010 இல் முதலாவது சொல்லைப் பயன்படுத்தினார். பயனர் நாள் முழுதும் இயல்பாகப் பயன்படுத்தும், ஒன்றோடொன்று இணைந்த செயலிகளின் தொகுதி என்ற பொருளில் அவர் அதனைக் கையாண்டார். பல சேவைகளைத் தன்னுள் அடக்கிய ஒற்றைச் செயலி என்ற இன்றைய பொருள் பின்னர் ஏற்பட்டது.

செயற்படும் முறை

அனைத்துச்சேவைச் செயலி பொதுவாக மூன்று அடுக்குகளைக் கொண்டது.

1. அடையாளம்: பயனர் ஒரு முறை பதிவு செய்துகொண்டால் போதும். உள்ளேயுள்ள சேவைகள் அனைத்தும் அக்கணக்கையே ஏற்கும்.
2. பணம் செலுத்தல்: வங்கிக் கணக்கு அல்லது மின்பணப்பை ஒரு முறை இணைக்கப்படும். அதன் பின்னர் உணவு வாங்கவும் வாடகை வண்டி அழைக்கவும் அதனையே பயன்படுத்தலாம்.
3. சிறுநிரல்கள்: பிற நிறுவனங்கள் எழுதும் சிறிய நிரல்கள் முதன்மைச் செயலிக்குள்ளேயே இயங்கும். இவற்றைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை.

சிறுநிரல்கள் பெரும்பாலும் வலைப்பக்கம் எழுதப் பயன்படும் நுட்பங்களை ஒத்த மொழிகளில் எழுதப்படுகின்றன. இவற்றைத் தொடங்குவதும் நிறுத்துவதும் இயங்குதளத்தின் பணி அன்று. முதன்மைச் செயலியே அதனைச் செய்கின்றது. இதனால் அச்செயலி, ஆண்ட்ராய்டு அல்லது ஐஓஎசு மீது அமர்ந்த இரண்டாவது இயங்குதளம் போலச் செயற்படுகின்றது. எந்தச் சிறுநிரல் இடம்பெறலாம், எது நீக்கப்பட வேண்டும் என்பதை முதன்மைச் செயலியின் உரிமையாளரே முடிவு செய்கின்றார்.

ஒரு செயலியைப் பயன்படுத்துவோர் எண்ணிக்கை கூடும்போது ஒவ்வொரு பயனருக்கும் அதன் பயன் மிகுதல் பிணைய விளைவு எனப்படும். தொலைபேசி வைத்திருப்பவர் ஒருவரே எனில் அதனால் பயனில்லை. ஊரார் அனைவரும் வைத்திருப்பின் அது இன்றியமையாததாகிவிடுகின்றது. செய்தியாடலில் இவ்விளைவு மிக வலுவானது. எனவே பெரும்பாலான முயற்சிகள் செய்தியாடல் அல்லது பணம் செலுத்தலில் தொடங்கி, பின்னர் பிற சேவைகளுக்கு விரிந்துள்ளன.

பிற நாடுகளில்

சீனா

வீச்சாட் டென்சென்ட் நிறுவனத்தால் 2011 சனவரியில் செய்தியாடல் செயலியாக வெளியிடப்பட்டது. 2013 இல் பணம் செலுத்தும் வசதியும், 2017 சனவரியில் சிறுநிரல்களும் சேர்க்கப்பட்டன. 2014 இல் சீனப் புத்தாண்டை ஒட்டி, உறவினருக்குச் சிவப்பு உறையில் பணம் வைத்துக் கொடுக்கும் மரபு செயலிக்குள் கொண்டுவரப்பட்டது. இதன் மூலம் பெருந்திரளான மக்கள் தம் வங்கிக் கணக்கைச் செயலியுடன் இணைத்தனர். 2018 இல் இதன் மாதாந்தரப் பயனர் எண்ணிக்கை 100 கோடியைக் கடந்தது.

கடன் அட்டைகள் பரவலாகாத நிலையில், தாள் பணத்திலிருந்து நேரடியாகத் திறன்பேசிக்கு மக்கள் மாறியது வீச்சாட்டின் வளர்ச்சிக்கு உதவியது. வெளிநாட்டுச் செய்தியாடல் செயலிகளும் சமூக வலைத்தளங்களும் சீனாவில் தடுக்கப்பட்டிருந்ததும் ஒரு காரணமாகும். மறுபுறம், டென்சென்டும் அதன் போட்டி நிறுவனமான அலிபாபாவும் ஒன்றின் இணைப்புகளை மற்றொன்றின் செயலிக்குள் திறக்க இயலாதவாறு பல ஆண்டுகள் தடுத்து வந்தன. 2021 செப்டம்பரில் சீன அரசு இத்தடைகளை நீக்குமாறு பணித்தது.

தென்கிழக்காசியா

மலேசியாவில் 2012 இல் வாடகை வண்டி அழைக்கும் சேவையாகத் தொடங்கிப் பின்னர் சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட கிராப், இந்தோனேசியாவில் 2010 இல் இருசக்கர வாடகை ஊர்திகளை ஒருங்கிணைக்கத் தொடங்கிய கோசெக் ஆகியன உணவு வழங்கல், பொருள் அனுப்புதல், பணம் செலுத்தல் எனப் பின்னர் விரிந்தன. இவை செய்தியாடலை அடிப்படையாகக் கொள்ளாமல் வளர்ந்தவை.

எக்சு

ஈலோன் மசுக்கு 1999 இல் எக்சு.காம் என்னும் இணைய நிதிச்சேவை நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவர். அது 2000 இல் கன்பினிட்டி நிறுவனத்துடன் இணைந்து, பின்னர் பேபால் என்று பெயர் பெற்றது. 2002 இல் ஈபே நிறுவனம் அதனை வாங்கியது. எல்லா நிதிச்சேவைகளையும் ஓரிடத்தில் வழங்கும் எண்ணம் அக்காலத்திலேயே அவரிடம் இருந்தது.

2022 அக்டோபரில் ஏறத்தாழ 4,400 கோடி அமெரிக்க டாலருக்கு டுவிட்டரை வாங்கிய அவர், 2023 சூலையில் அதன் பெயரை எக்சு என மாற்றினார். அதே ஆண்டில் ஒலி, காணொளி அழைப்புகள் சேர்க்கப்பட்டன. 2025 சனவரியில் பணச் சேவைக்காக வீசா நிறுவனத்துடன் உடன்பாடு அறிவிக்கப்பட்டது. அமெரிக்காவில் பணப்பரிமாற்ற உரிமத்தை மாநிலந்தோறும் தனித்தனியே பெற வேண்டியிருப்பதும், கடன் அட்டைகள் ஏற்கனவே ஆழமாக வேரூன்றியிருப்பதும் இத்திட்டத்தின் தடைகளாகக் குறிப்பிடப்படுகின்றன.

இந்தியப் பின்புலம்: யுபிஐ

யுபிஐ என்பது ஒரு வங்கிக் கணக்கிலிருந்து வேறொரு வங்கிக் கணக்குக்குத் திறன்பேசி வழியாக உடனடியாகப் பணம் அனுப்ப உதவும் கட்டமைப்பு ஆகும். இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் இதனை 2016 ஏப்ரலில் அறிமுகப்படுத்தியது. அவ்வாண்டு நவம்பரில் 500, 1000 ரூபாய் தாள்கள் செல்லாதென அறிவிக்கப்பட்ட பின்னர் மின்வழிப் பணம் செலுத்தல் விரைவாகப் பரவியது. 2025 ஆகத்து மாதத்தில் மட்டும் யுபிஐ வழியாக 2,000 கோடிக்கும் மேற்பட்ட பரிமாற்றங்கள் நிகழ்ந்தன.

யுபிஐ செயலியை வழங்கும் நிறுவனம் பயனரின் பணத்தைத் தன்னிடம் வைத்திருப்பதில்லை. பயனர் தரும் கட்டளை ஒரு வங்கியின் வழியாகக் கழகத்தின் இணைப்பகத்தை அடைகின்றது. அங்கிருந்து அனுப்புநரின் வங்கிக்குப் பற்று வைக்கவும், பெறுநரின் வங்கிக்கு வரவு வைக்கவும் ஆணை செல்கின்றது. செயலி இங்கு ஒரு கதவு மட்டுமே. எல்லாக் கதவுகளும் ஒரே முற்றத்துக்குத் திறக்கின்றன.

எடுத்துக்காட்டாக, பழனி மலைத்தொடரில் கொடைக்கானல் வட்டத்திலுள்ள பண்ணைக்காட்டில் மலைவாழைப்பழம் விற்கும் ஒருவர் ஒரு நிறுவனத்தின் கியூஆர் அட்டையைக் கடையில் வைத்திருப்பதாகக் கொள்வோம். வாங்க வருபவர் வேறு நிறுவனத்தின் செயலியால் அதனைப் படித்துப் பணம் அனுப்ப இயலும். இருவரின் வங்கிகளும் செயலிகளும் வேறுவேறாக இருப்பது தடையன்று. ஆனால் அதே இருவர் அடுத்த வாரக் கொள்முதலைப் பற்றிச் செய்தி அனுப்பிப் பேச விரும்பினால், இருவரும் ஒரே செய்தியாடல் செயலியை நிறுவியிருக்க வேண்டும். பணத்துக்கு உள்ள பொது நெறிமுறை செய்திக்கு இல்லை.

எனினும் யுபிஐயிலும் செறிவு ஏற்பட்டுள்ளது. மொத்தப் பரிமாற்றங்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டவை போன்பே, கூகுள் பே ஆகிய இரு செயலிகளின் வழியாகவே நடைபெற்று வந்துள்ளன. எந்தவொரு செயலியும் 30 விழுக்காட்டுக்கு மேல் பங்கு கொள்ளலாகாது என்ற விதியைக் கழகம் 2020 நவம்பரில் அறிவித்தது. அதனை நடைமுறைப்படுத்தும் காலக்கெடு பின்னர் 2026 திசம்பர் இறுதி வரை நீட்டிக்கப்பட்டது.

இந்திய முயற்சிகள்

ஹைக்

ஏர்டெல் நிறுவனர் சுனில் மிட்டலின் மகனான கவின் பார்தி மிட்டல் 2012 திசம்பரில் ஹைக் என்னும் செய்தியாடல் செயலியை வெளியிட்டார். இந்திய மொழிகளிலான ஒட்டிப்படங்கள் இதன் சிறப்புக் கூறாக இருந்தன. 2016 இல் டென்சென்ட், பாக்சுகான் ஆகியவை முதலீடு செய்தபோது இதன் மதிப்பு 140 கோடி அமெரிக்க டாலராகக் கணிக்கப்பட்டது. 2017 இல் மின்பணப்பை சேர்க்கப்பட்டது. செய்திகள், விளையாட்டுகள் முதலியனவும் உள்ளடக்கப்பட்டன.

வீச்சாட்டை முன்மாதிரியாகக் கொண்ட இத்திட்டம் 2019 இல் கைவிடப்பட்டு, சேவைகள் தனித்தனிச் செயலிகளாகப் பிரிக்கப்பட்டன. 2021 சனவரியில் செய்தியாடல் சேவை நிறுத்தப்பட்டது. உலகளாவிய பிணைய விளைவு மிக வலுவாக இருப்பதால், வெளிநாட்டு நிறுவனங்கள் தடை செய்யப்பட்டாலன்றி இந்தியாவுக்கெனத் தனிச் செய்தியாடல் செயலி அமையாது என்ற கருத்தை அப்போது கவின் மிட்டல் தெரிவித்தார். நிறுவனம் பின்னர் இணைய விளையாட்டுத் துறைக்கு மாறியது. பணம் வைத்து விளையாடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டம் வந்ததைத் தொடர்ந்து 2025 செப்டம்பரில் அதுவும் மூடப்பட்டது.

பேடிஎம்

விசய் சேகர் சர்மா தோற்றுவித்த ஒன்97 நிறுவனம் 2010 இல் பேடிஎம்மை நகர்பேசிக் கட்டண நிரப்புச் சேவையாகத் தொடங்கியது. 2014 இல் மின்பணப்பையும், 2017 இல் கொடுப்பனவு வங்கியும் வந்தன. திரைப்படச் சீட்டு, பயணச்சீட்டு, தங்கம் வாங்கல், செய்தியாடல் எனச் சேவைகள் விரிந்தன. 2020 செப்டம்பரில் கூகுள் தன் செயலிக் கடையிலிருந்து பேடிஎம்மைச் சில மணி நேரம் நீக்கியது. அடுத்த மாதமே பேடிஎம் தன் செயலிக்குள் சிறுநிரல் கடை ஒன்றை அறிமுகப்படுத்தியது.

விதிமுறைகள் தொடர்ந்து பின்பற்றப்படாமையைச் சுட்டி, பேடிஎம் கொடுப்பனவு வங்கி புதிய வைப்புகளை ஏற்கக் கூடாதென இந்திய ரிசர்வ் வங்கி 2024 சனவரி 31 அன்று ஆணையிட்டது. இவ்வாணை மார்ச் 15 க்குப் பின் நடைமுறைக்கு வந்தது. மின்பணப்பையில் இருந்த தொகையைச் செலவழிக்க இயன்றதே தவிர, மேலும் பணம் சேர்க்க இயலவில்லை. அதே வேளையில், பேடிஎம் செயலியின் யுபிஐ சேவை வேறு நான்கு வங்கிகளின் துணையுடன் தொடர்ந்தது. ஒரே நிறுவனத்தின் மூடிய பணப்பைக்கும் பொது நெறிமுறைக்கும் உள்ள வேறுபாட்டை இந்நிகழ்வு தெளிவாகக் காட்டியது. பேடிஎம் 2024 ஆகத்தில் தன் திரைப்பட, நிகழ்ச்சிச் சீட்டு விற்பனைப் பிரிவை 2,048 கோடி ரூபாய்க்குச் சொமேட்டோவிடம் விற்க உடன்பட்டது.

டாட்டா நியூ

நாமக்கல் மாவட்டம் மோகனூரில் பிறந்த ந. சந்திரசேகரன் தலைமையிலான டாட்டா குழுமம் 2022 ஏப்ரல் 7 அன்று டாட்டா நியூ செயலியை வெளியிட்டது. மளிகை, மருந்து, மின்னணுப் பொருள்கள், விடுதி அறைகள், வானூர்திச் சீட்டு எனக் குழுமத்தின் பல வணிகங்கள் இதில் ஒன்றிணைக்கப்பட்டன. ஒரு வணிகத்தில் ஈட்டும் நியூகாயின்களை மற்றொன்றில் செலவழிக்கலாம் என்பது இதன் மையக் கருத்தாகும். ஒரு நியூகாயின் ஒரு ரூபாய்க்குச் சமம். இங்குப் பயனரை ஈர்க்கும் கூறு உரையாடல் அன்று, தள்ளுபடியே ஆகும். மேலும், உள்ளடங்கிய வணிகங்களுக்குத் தனிச் செயலிகளும் இருந்தமையால் பயனருக்கு மாற்று வழி எப்போதும் திறந்திருந்தது.

வாட்சப்

மேட்டா நிறுவனத்தின் வாட்சப்புக்கு இந்தியாவில் 50 கோடிக்கும் மேற்பட்ட பயனர்கள் இருப்பதாக மதிப்பிடப்படுகின்றது. பயனர் எண்ணிக்கையை நோக்கின், அனைத்துச்சேவைச் செயலியாகும் வாய்ப்பு இதற்கே மிகுதி. ஆயினும் 2018 இல் சோதனையாகத் தொடங்கிய இதன் பணச் சேவைக்கு 2020 நவம்பரில் 2 கோடிப் பயனர் என்ற வரம்புடனேயே ஒப்புதல் கிடைத்தது. அவ்வரம்பு படிப்படியாக உயர்த்தப்பட்டு 2024 திசம்பர் இறுதியில் நீக்கப்பட்டது. அதற்குள் மக்கள் பிற யுபிஐ செயலிகளுக்குப் பழகிவிட்டனர்.

சேவைகளைப் பொறுத்தவரை வாட்சப் மெல்ல விரிந்து வருகின்றது. 2022 ஆகத்தில் சியோமார்ட் மளிகை விற்பனையும், 2023 மே மாதத்தில் சென்னை மெட்ரோ பயணச்சீட்டும் வாட்சப் வழியாகக் கிடைக்கத் தொடங்கின. ஆந்திரப் பிரதேச அரசு 2025 சனவரியில் 161 அரசுச் சேவைகளை இதன் வழியே வழங்கத் தொடங்கியது.

அரட்டை

அரட்டை என்பது சோகோ நிறுவனம் உருவாக்கிய செய்தியாடல் செயலி ஆகும். நண்பர்களின் நோக்கமற்ற இயல்பான பேச்சைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லே இதற்குப் பெயராயிற்று. சிறீதர் வேம்பு, டோனி தாமசு முதலியோர் 1996 இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய நிறுவனம் 2009 இல் சோகோ எனப் பெயர் மாற்றம் பெற்றது. இது பங்குச் சந்தையில் பட்டியலிடப்படாத நிறுவனமாகும். இந்தியப் பெருஞ்செல்வர் பட்டியல்களில் இடம்பெறும் சிறீதர் வேம்பு, தென்காசிக்கு அருகிலுள்ள மத்தளம்பாறையில் வாழ்ந்து வருகின்றார். 2025 சனவரியில் தலைமைச் செயல் அலுவலர் பொறுப்பிலிருந்து விலகித் தலைமை அறிவியலாளர் ஆனார்.

அரட்டை 2021 சனவரியில் சோதனை வடிவில் வெளிவந்தது. ஹைக் தன் செய்தியாடல் சேவையை நிறுத்தியதும் இதே மாதத்திலாகும். வாட்சப்பின் புதிய தனியுரிமைக் கொள்கை எதிர்ப்பைச் சந்தித்துக்கொண்டிருந்த காலமும் அதுவே. தொடக்கத்தில் இச்செயலி பரவலாக அறியப்படவில்லை. 2025 செப்டம்பரில் நடுவண் அமைச்சர்கள் உள்நாட்டு மென்பொருள்களைப் பயன்படுத்துமாறு வேண்டியபோது, மூன்று நாள்களில் நாளொன்றுக்கான புதிய பதிவுகள் 3,000 இலிருந்து 3,50,000 ஆக உயர்ந்ததாகச் சிறீதர் வேம்பு தெரிவித்தார். அடுத்து வந்த வாரங்களில் இவ்வேகம் தணிந்து, செயலிக் கடைகளின் தரவரிசையில் அரட்டை இறங்கியது.

குறைந்த வேக இணைய இணைப்பிலும் விலை குறைந்த திறன்பேசிகளிலும் இயங்குவது இதன் வடிவமைப்பு நோக்கங்களுள் ஒன்றாகும். கூட்டங்களை நடத்தவும் பயனர் தமக்கென ஆவணங்களைச் சேமிக்கவும் வசதிகள் உள்ளன. பயனர் எண்ணிக்கை பெருகிய காலத்தில் அழைப்புகளுக்கு மட்டுமே முனைக்கு முனை மறையாக்கம் இயல்பாக இருந்தது. எழுத்துச் செய்திகளுக்கு இல்லாமை விமர்சனத்துக்குள்ளானது. 2025 நவம்பரில் இருவர் உரையாடல்களுக்கு இம்மறையாக்கம் வழங்கப்பட்டது. அரட்டையுடன் இணையும் வகையில் பணம் செலுத்தும் சேவையைச் சோகோ உருவாக்கி வருவதாகவும் அவ்வாண்டின் இறுதியில் செய்திகள் வெளியாயின.

செய்தியாடல், சேமிப்பு, கூட்டம், பணம் எனச் சேவைகள் சேர்வதால் அரட்டை அனைத்துச்சேவைச் செயலியின் திசையிலேயே செல்கின்றது எனலாம். ஆயினும் அதன் நிறுவனர் முன்வைத்த கொள்கை எக்சு, வீச்சாட் ஆகியவற்றினின்றும் வேறுபட்டது. யுபிஐ, மின்னஞ்சல் ஆகியன போலச் செய்தியாடல் செயலிகளும் ஒன்றோடொன்று இணைந்து இயங்க வேண்டும் என்றும், தம் நிறுவனம் தனியுரிமை ஆதிக்கத்தை விரும்பவில்லை என்றும் 2025 இல் சிறீதர் வேம்பு தெரிவித்தார். இதற்கான நெறிமுறைகள் குறித்து ஐஸ்பிர்ட் அமைப்பினருடன் பேசி வருவதாகவும் அவர் கூறினார்.

சந்தையில் பின்தங்கிய நிறுவனத்துக்கு இணைந்தியங்கும் நெறிமுறை நன்மை தருவதாகும். முன்னணியில் உள்ள நிறுவனத்துக்கு அது இழப்பாகும். ஆகவே சந்தையின் இயல்பான போக்கில் மட்டும் இத்தகைய நெறிமுறை உருவாதல் அரிது. யுபிஐ உருவானது வங்கிகளும் ரிசர்வ் வங்கியும் முன்னின்றதால் ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 மார்ச்சு முதல் நடைமுறைக்கு வந்த எண்ணிமச் சந்தைச் சட்டக் கடமைகள், வாட்சப் போன்ற பெரிய செயலிகள் பிற செயலிகளுடன் செய்தி பரிமாற வழிவிட வேண்டும் எனக் கட்டாயமாக்கின. இந்தியாவில் இதற்கு நிகரான சட்டம் இயற்றப்படவில்லை.

பொதுக் கட்டமைப்புகள்

தனியார் முயற்சிகளுக்கு இணையாக அரசு சார்ந்த கட்டமைப்புகளும் உருவாயின.

* உமங்: நடுவண், மாநில அரசுகளின் சேவைகளை ஒரே செயலியில் வழங்குவது. 2017 நவம்பரில் தொடங்கப்பட்டது.
* ஓஎன்டிசி: இணைய வணிகத்துக்கான திறந்த பிணையம். வாங்குபவர் ஒரு செயலியிலும் விற்பவர் மற்றொரு செயலியிலும் இருக்கலாம். 2022 ஏப்ரலில் சோதனை தொடங்கிய ஐந்து நகரங்களுள் கோயம்புத்தூரும் ஒன்றாகும்.

உமங் சேவைகளை ஒரே செயலிக்குள் தொகுக்கின்றது. ஓஎன்டிசியோ செயலிகளைப் பிரித்தே வைத்து, நெறிமுறையால் இணைக்கின்றது. ஒரே சிக்கலுக்கு இவை இரு வேறு தீர்வுகளாகும்.

விமர்சனங்கள்

அனைத்துச்சேவைச் செயலி பயனருக்கு வசதியானது. பல கடவுச்சொற்களை நினைவில் வைக்க வேண்டியதில்லை. திறன்பேசியின் நினைவகமும் மிச்சமாகும். இவற்றுக்கு எதிராகப் பின்வரும் குறைகள் சுட்டப்படுகின்றன.

* கணக்கு முடக்கம்: எல்லாச் சேவைகளும் ஒரே கணக்கைச் சார்ந்திருப்பதால், அக்கணக்கு முடக்கப்படின் பயனர் உரையாடல், பணம், பயணம் அனைத்தையும் ஒருசேர இழக்க நேரிடும்.
* தரவுச் செறிவு: ஒருவர் யாருடன் பேசுகின்றார், எங்கே செல்கின்றார், எதற்குச் செலவிடுகின்றார் என்பன ஒரே நிறுவனத்திடம் குவிகின்றன. வாட்சப்பின் 2021 தனியுரிமைக் கொள்கை தொடர்பாக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மேட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது.
* வணிகர் நிலை: சிறு வணிகர் தம் வாடிக்கையாளரை அடைய ஒரே வாயிலை நம்பியிருக்கும்போது, வாயிலின் உரிமையாளர் விதிக்கும் கட்டணத்தை மறுக்க இயலாது.
* அரசுக் கட்டுப்பாடு: ஒரே செயலியைக் கண்காணிப்பதோ தடுப்பதோ பல செயலிகளைத் தடுப்பதினும் எளிது. 2020 சூன் 29 அன்று இந்திய அரசு தடை செய்த 59 சீனச் செயலிகளுள் வீச்சாட்டும் ஒன்று. சீனாவிலுள்ள உறவினருடனும் வணிகருடனும் பேச அதனையே நம்பியிருந்தோர் இத்தடையால் தொடர்பிழந்தனர்.

இவ்விமர்சனங்களின் அடிப்படையில், ஒரு செயலி எத்தனை சேவைகளை வழங்குகின்றது என்பதைக் காட்டிலும், பயனர் தம் தொடர்புகளையும் பணத்தையும் இழக்காமல் அதிலிருந்து வெளியேற இயலுமா என்பதே முதன்மையான அளவுகோல் என்று வாதிடப்படுகின்றது. பணத்தைப் பொறுத்தவரை இந்தியப் பயனருக்கு அவ்வாய்ப்பு உள்ளது. செய்தியாடலைப் பொறுத்தவரை அது இன்னும் ஏற்படவில்லை.

இவற்றையும் பார்க்க

* யுபிஐ
* சோகோ நிறுவனம்
* வீச்சாட்
* பிணைய விளைவு
* முனைக்கு முனை மறையாக்கம்
* இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம்